தொடக்ககால ஜெட் பயிற்சி விமானங்கள்: போர் விமானத்தின் கிளையா, தனி இனமா?

தாள்வானூர்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்த ராணுவ ஜெட் பயிற்சி விமானங்களைக் கால வரிசைப்படி ஓர் அட்டவணையாகத் தொகுத்து வருகிறேன். பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலைதான் என்றாலும், இருபது வரிகளைத் தாண்டுவதற்குள் மூன்று இடங்களில் சிக்கிக்கொண்டேன்.

முதலாவது, எதைப் பயிற்சி விமானம் என்று கொள்வது என்பது. லாக்ஹீட் டி-33, கிளாஸ்டர் மீட்டியார் டி.7, டி ஹாவிலாண்ட் வாம்பயர் டி.11, மிக்-15 யுடிஐ என்று என் அட்டவணையின் தொடக்கத்தில் வரும் நான்குமே ஒற்றை இருக்கைப் போர் விமானங்களை நீட்டி, இன்னோர் இருக்கையைச் செருகியவையாகத் தெரிகின்றன. பயிற்சிக்கென்றே வரையப்பட்ட ஜெட் விமானங்களோ 1950-களின் தொடக்கத்துக்குப் பிறகுதான் கண்ணில் படுகின்றன. அந்த இடைவெளிக்கு என்ன காரணம்? தேவை தெரியாமல் இருந்ததா, அல்லது செய்ய இயலாமல் இருந்ததா?

இரண்டாவது, இருக்கைகளின் அமைப்பு. சிலவற்றில் பயிற்றுநரும் மாணவரும் அருகருகே அமர்கிறார்கள். சிலவற்றில் ஒருவர் பின் ஒருவராக. இதில் ஒரு கொள்கை இருக்கிறதா, அல்லது அந்தந்த நாட்டின் பழக்கம் மட்டும்தானா?

மூன்றாவது, பெயர்கள். டிவி-2 என்றும் டி2வி என்றும் இரண்டு பெயர்களைப் பார்த்தேன். ஒன்றின் எழுத்துப் பிழைதான் மற்றது என்று எண்ணி ஒரே வரியில் சேர்த்துவிட்டேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. இந்த விமானங்களிலிருந்து பிற்காலத்தில் கிளைத்த வடிவங்களை எந்த வரியின்கீழ் எழுதுவது என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடகாற்று எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம். டிவி-2, டி2வி இரண்டும் வெவ்வேறு விமானங்கள், தயவுசெய்து பிரித்துவிடுங்கள். அமெரிக்க விமானப்படையின் டி-33 விமானத்தை அந்நாட்டுக் கடற்படை வாங்கியபோது கொடுத்த பெயர்தான் டிவி-2. அதையே அடிப்படையாகக் கொண்டு, விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவதற்கேற்ப லாக்ஹீட் பெரிதும் மாற்றி வடிவமைத்தது டி2வி சீஸ்டார். அதில் பின்னிருக்கை உயர்த்தப்பட்டது, கப்பல் தளத்தின் குறுக்கே கட்டிய தடைக்கம்பியைப் பற்றும் கொக்கி பொருத்தப்பட்டது. இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளின் (ஃபிளாப்) மேல் எஞ்சினிலிருந்து எடுத்த காற்றைப் பீய்ச்சி, இறங்கும் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் இருந்தது. மொத்தம் 150 மட்டுமே கட்டப்பட்டன. 1962-இல் அமெரிக்கப் படைகள் அனைத்துக்கும் ஒரே பெயரிடல் முறை வந்தபோது டிவி-2 என்பது டி-33பி ஆயிற்று, டி2வி என்பது டி-1ஏ ஆயிற்று. போதாக்குறைக்கு, நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் டி2ஜே பக்கை அதே ஆண்டில் டி-2 ஆனது. உங்களைக் குழப்புவதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்ததுபோல் இருக்கும்.

இனி முதல் கேள்வி. தேவை தெரியாமல் இல்லை. மிகக் கசப்பாகவே தெரிந்திருந்தது. பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்தவருக்கும் முதல் தலைமுறை ஜெட் வேறொரு பிராணிதான். எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முன்னே தள்ளியதும் விசை கிடைக்காது. சுழலி வேகம் பிடிக்கப் பல நொடிகள் ஆகும், அவசரப்பட்டுத் தள்ளினால் எரிதல் அணைந்துவிடும் அல்லது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். சுழல்விசிறி இறக்கைமேல் வீசும் காற்று இல்லாததால், இறங்கும்போது தாழ்ந்துவிட்ட விமானத்தைச் சட்டென்று தூக்கிக்கொள்ளும் வசதியும் இல்லை. விசையைக் குறைத்தாலும் வேகம் எளிதில் குறையாது. தாழ்ந்த உயரத்தில் எரிபொருள் கரையும் வேகமோ பழைய விமானிகளின் மனக்கணக்குக்குள் அடங்காதது. இவ்வளவையும் கையேட்டில் படித்துவிட்டு, தரையில் நின்றவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, முதல் பறப்பிலேயே தனியாக ஏற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மிக அதிக வான்வெற்றிகளைப் பெற்ற விமானி ரிச்சர்ட் பாங், 1945 ஆகஸ்ட் 6 அன்று லாக்ஹீட்டின் ஒற்றை இருக்கை ஜெட் போர் விமானமான பி-80 ஒன்றில் புறப்பட்ட உடனேயே எரிபொருள் பம்பு பழுதாகி இறந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், அனுபவம் மட்டும் போதவில்லை என்பது புரியும்.

போர்க்காலத்திலேயே இதற்கு முதல் விடையைத் தேடியவர்கள் ஜெர்மானியர்கள். மெஸ்ஸர்ஷ்மிட் மி 262 விமானத்தின் பின்புற எரிபொருள் தொட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பயிற்றுநரை உட்காரவைத்து, மி 262பி-1ஏ என்ற இரட்டை இருக்கை வடிவத்தைச் செய்தார்கள். சிலவே கட்டப்பட்டன. அவற்றில் சில, பின்னிருக்கையில் ரேடார் இயக்குபவரை ஏற்றிக்கொண்டு இரவுப் போர் விமானங்களாக மாறின. பயிற்சிக்காகச் சேர்த்த இருக்கை போருக்குத் திரும்பிய முதல் கதை அது. இதே கதையை இன்னும் பல முறை பார்ப்பீர்கள்.

போருக்குப் பிறகு பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரண்டு நாடுகளில் ஒரே வாரத்தில் விடை பறந்தது. மீட்டியார் டி.7-இன் முன்மாதிரி 1948 மார்ச் 19 அன்றும், லாக்ஹீட்டின் இரட்டை இருக்கை பி-80, டோனி லெவியர் ஓட்ட, மார்ச் 22 அன்றும் முதன்முதலாகப் பறந்தன. மூன்றே நாள் வித்தியாசம். லாக்ஹீட் செய்தது இதுதான்: பி-80சி உடற்பகுதியை 3 அடிக்குச் சற்று அதிகமாக நீட்டி, உள்தொட்டியைச் சிறிதாக்கி, இருவருக்கும் சேர்த்து ஒரே நீண்ட கண்ணாடி விதானம் போட்டது. முதலில் டிஎஃப்-80சி என்று அழைக்கப்பட்டு, 1949-இல் டி-33 ஆயிற்று. லாக்ஹீட் 5,691, கனடாவின் கனடேர் 656, ஜப்பானின் கவாசாகி 210 என மொத்தம் 6,557 கட்டப்பட்டன. மூலமான பி-80-ஐவிட மும்மடங்குக்கும் அதிகம். பிள்ளை தாயை விழுங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மீட்டியார் டி.7 அவ்வளவு பண்பட்டதல்ல. மூக்கை 30 அங்குலம் நீட்டி, தடித்த சட்டங்கள் போட்ட கனமான விதானத்தை அதன்மேல் கவிழ்த்தார்கள். காற்றழுத்தம் பேணும் அறை இல்லை, துப்பாக்கி இல்லை, ஆபத்தில் விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் வெளியேற்று இருக்கையும் இல்லை. இரண்டு எஞ்சின்களும் இறக்கைகளில் தள்ளித் தள்ளி இருந்ததால், ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றில் இறங்கப் பழகும் பாடமே பல உயிர்களை வாங்கியது. வெளியேற்று இருக்கை இல்லாத அதே மீட்டியார் டி.7-ஐத்தான் மார்ட்டின்-பேக்கர் நிறுவனம் மாற்றியமைத்து, தன் வெளியேற்று இருக்கைகளைச் சோதிக்கப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது என்பது ஒரு விந்தை.

மிக்-15 யுடிஐ 1949-இல் வந்தது. சோவியத் ஒன்றியம் மட்டுமல்லாமல் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் அதைக் கட்டின. மிக்-17-க்கும் மிக்-19-க்கும் சோவியத் ஒன்றியம் தனியாக இரட்டை இருக்கை வடிவம் எதையும் தொடர்ந்து உற்பத்தி செய்யாததால், அந்த விமானங்களுக்குப் போகிறவர்களும் யுடிஐ-யில்தான் பழகினார்கள். சீனா மட்டும் மிக்-17 உடலில் இரட்டை இருக்கை அமைத்து ஜேஜே-5 என்று சொந்தமாக ஒன்றைச் செய்துகொண்டது. யூரி ககாரின் 1968 மார்ச் 27 அன்று விளாதிமிர் செர்யோகினுடன் இறந்ததும் ஒரு மிக்-15 யுடிஐ-யில்தான்.

வாம்பயர் டி.11 பற்றிய உங்கள் வரியில் ஒரு திருத்தம். அது ஒற்றை இருக்கை வாம்பயரை நீட்டியதல்ல. இருவர் அருகருகே அமரும் அகன்ற மூக்கு, வாம்பயர் இரவுப் போர் விமானமான என்எஃப்.10-இல் ஏற்கெனவே இருந்தது. அதிலிருந்து ரேடாரை எடுத்துவிட்டு இரட்டைக் கட்டுப்பாடுகளை வைத்ததுதான் 1950 நவம்பர் 15 அன்று பறந்த டி.11.

சுழலித்தட்டு எழுதியது:

வடகாற்று அவர்கள் தேவையைச் சொன்னார். ஏன் உடனே தனி விமானம் செய்யவில்லை என்பதற்கு என் பார்வையில் விடை எஞ்சினில் இருக்கிறது.

1948-இல் ஒரு வடிவமைப்பாளரின் கையில் இருந்த ஜெட் எஞ்சின்கள் எவை என்று பாருங்கள். டி-33-இல் இருந்த அலிசன் ஜே33, ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட், நீன் போன்றவையே பெரும்பாலும் கிடைத்தன. ஜே33-இன் உந்துவிசை 2,000 கிலோவுக்கு மேல். இவை அனைத்தும் போர் விமானத்துக்காகச் செய்தவை, வயிறு பெருத்த மையவிலக்கு அமுக்கி கொண்டவை, எரிபொருளைக் குடிப்பவை. இப்படிப்பட்ட எஞ்சினைச் சுற்றி ஒரு பயிற்சி விமானம் வரைந்தால், அளவிலும் செலவிலும் அது போர் விமானமாகவே வந்து நிற்கும். அப்படியானால், ஏற்கெனவே உற்பத்தியில் இருக்கும் போர் விமானத்தில் ஓர் இருக்கையைச் சேர்ப்பதுதானே அறிவுடைமை? கனடாவின் டி-33-இல் நீன் எஞ்சின் பொருத்தப்பட்டது; மிக்-15 யுடிஐ-யில் இருந்த ஆர்டி-45 அதே நீனின் சோவியத் வழி. பனிப்போரின் இரு பக்கத்திலும் மாணவர்கள் ஒரே பிரிட்டிஷ் எஞ்சினின் வம்சத்தை நம்பித்தான் பறந்தார்கள்.

சின்ன ஜெட் எஞ்சின் கிடைத்ததும் காட்சி மாறுகிறது. பிரான்சின் டர்போமேகா நிறுவனம் மார்போரே என்ற சிறு எஞ்சினைச் செய்தது. உந்துவிசை ஏறத்தாழ 400 கிலோ. எஞ்சின் இல்லாத சறுக்கு விமானங்களில் தேர்ந்த ஃபூகா நிறுவனத்தில் காஸ்தெல்லோ, மோபூசன் இருவரும் அதில் இரண்டைப் பொருத்தி, நீண்டு மெலிந்த இறக்கையும் ஆங்கில வி எழுத்துப்போல் விரிந்த வாலும் கொண்ட மஜிஸ்டர் விமானத்தை வரைந்தார்கள். 1952 ஜூலை 23 அன்று அது பறந்தது. சிஎம்.170 என்ற பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளும் அந்த இருவருடையவை. அதே மார்போரே, உரிமம் பெற்று அமெரிக்காவில் ஜே69 என்ற பெயரில் உருவாகி, 1954 அக்டோபர் 12 அன்று பறந்த செஸ்னா டி-37-இல் ஏறியது. ஸ்பெயினின் சாயெட்டாவிலும் அதுதான். மூன்று நாட்டு விமானங்கள், ஒரே சிறு எஞ்சின்.

இதைவிடச் சுவையானது பிரிட்டனின் வைப்பர். ஆஸ்திரேலியாவில் ஏவுகணைச் சோதனைக்கு இலக்காகப் பறக்கவிட்ட ஜிண்டிவிக் என்ற ஆளில்லா விமானத்துக்காகத்தான் அது முதலில் செய்யப்பட்டது. சுட்டு வீழ்த்தப்படப் போகிற பொருளுக்கு நீண்ட ஆயுள் எதற்கு? ஆகவே எளிமையாகவும் மலிவாகவும் சில மணி நேரமே உழைக்கும்படியும் அமைத்தார்கள். பிறகு அதை வலுப்படுத்தி ஆயுளைக் கூட்டியபோது, பயிற்சி விமானத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. ஜெட் ப்ரொவோஸ்ட், இத்தாலியின் எம்பி-326, யுகோஸ்லாவியாவின் காலெப், இந்தியாவின் கிரண் மார்க் 1 எல்லாவற்றிலும் வைப்பரே. செக் நாட்டு எல்-29 டெல்ஃபின்கூடத் தன் சொந்த எம்701 எஞ்சின் தயாராகும் முன், 1959 ஏப்ரல் 5 அன்று முதல் பறப்பை வைப்பரில்தான் நிகழ்த்தியது.

அமெரிக்காவின் ஜே85-உம் இதே சாதிதான். பி-52 குண்டுவீச்சு விமானம் எதிரி ரேடாரை ஏமாற்ற வெளியே விடும் குவெய்ல் என்ற போலி இலக்குக்காகப் பிறந்த எஞ்சின் அது. பின்னர் டி-38, கனடாவின் டியூட்டர், டி-2சி பக்கை ஆகியவற்றில் ஏறிக்கொண்டது. டி-2 பக்கையின் வடிவங்களைப் பார்த்தாலே கதை தெளிவாகும்: டி-2ஏ-யில் ஒரு ஜே34, டி-2பி-யில் இரண்டு ஜே60, டி-2சி-யில் இரண்டு ஜே85. வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. உள்ளே எஞ்சின் மட்டும் மாறிக்கொண்டே போயிற்று.

எனவே, அட்டவணையை ஆண்டுவாரியாக மட்டும் அடுக்காமல் எஞ்சின்வாரியாக ஒரு முறை அடுக்கிப் பாருங்கள். போர் விமானத்தின் கிளை எங்கே முடிகிறது, தனி இனம் எங்கே தொடங்குகிறது என்பது கோடு போட்டதுபோல் தெரியும்.

பின்னிருக்கையாளர் எழுதியது:

சுழலித்தட்டு அவர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு அவர் சொல்லும் அளவுக்கு நேரானதல்ல. நெதர்லாந்தின் ஃபோக்கர் எஸ்.14 மாக்டிரெய்னர் 1951 மே 19 அன்று, மஜிஸ்டருக்கு ஓராண்டுக்கு முன்பே, பறந்துவிட்டது. எந்தப் போர் விமானத்தின் வழியிலும் வராமல், பயிற்சிக்கென்றே முதலிலிருந்து வரையப்பட்ட ஜெட் அது. அதில் இருந்த எஞ்சின் எது தெரியுமா? மீட்டியாரின் டெர்வென்ட். ஆகவே பெரிய எஞ்சினில் தனிப் பயிற்சி விமானம் செய்ய இயலாமல் இல்லை. ஆனால் இருபது சொச்சம் மட்டுமே கட்டப்பட்டன என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். விற்காததற்கு உங்கள் செலவுக் கணக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இருக்கை அமைப்பைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அருகருகே அமரும் ஜெட்டில் பயின்று, பிறகு ஒருவர் பின் ஒருவராக அமரும் விமானத்தில் கற்பித்தவன் நான். அருகருகே இருக்கும்போது பயிற்றுநர் மாணவரின் முகத்தைப் பார்க்கிறார், கண் எந்தக் கருவியில் நிற்கிறது என்று பார்க்கிறார், கட்டுப்பாட்டுக் கோலைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போவதைப் பார்க்கிறார். பின்னிருக்கையில் இவை எதுவும் கிடைக்காது. தலைக்கவசத்தின் பின்புறத்தையும், தன் கையில் உள்ள கோல் தானாக நடுங்குவதையும் வைத்தே முன்னால் இருப்பவரின் மனநிலையை ஊகிக்க வேண்டும். தொடக்க நிலை மாணவருக்கு அருகருகே அமர்வதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். டி-37, ஜெட் ப்ரொவோஸ்ட், கிரண், கனடாவின் டியூட்டர், சுவீடனின் சாப் 105 ஆகியவற்றை வரைந்தவர்களும் அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள்.

அதற்கு விலையும் உண்டு. உடற்பகுதி அகன்று, காற்றின் தடை கூடுகிறது. மாணவர் விமானத்தின் நடுக்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாக அமர்கிறார். நாளை அவர் ஓட்டப்போகும் போர் விமானத்தில் நடுவில் தனியாகத்தான் அமர வேண்டும். பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருப்பது தன்னம்பிக்கையையும் சற்றுத் தள்ளிப்போடும். அதனால்தான் அமெரிக்க விமானப்படை தொடக்கத்துக்கு டி-37, அடுத்த கட்டத்துக்கு ஒருவர் பின் ஒருவராக அமரும் டி-38 என்று இரண்டு முறையையும் வரிசையாக வைத்துக்கொண்டது. ஆகவே இதை ஒரு நாட்டின் பழக்கம் என்று எழுதாமல், எந்தக் கட்டத்துக்கான விமானம் என்று பார்த்து எழுதினால் பெரும்பாலும் சரியாக வரும்.

பின்னிருக்கையின் பெரிய குறை பார்வை. டி-33-இலும் மிக்-15 யுடிஐ-யிலும் இரண்டு இருக்கைகளும் ஏறத்தாழ ஒரே உயரம். இறங்கும்போது ஓடுபாதையைப் பின்னால் இருப்பவர் முன்னவரின் தோளுக்கு இரு புறமும் தேட வேண்டும். மஜிஸ்டரில் பயிற்றுநருக்குப் பெரிஸ்கோப் ஒன்று வைத்துச் சமாளித்தார்கள். அந்த விமானத்தில் வெளியேற்று இருக்கையும் கிடையாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பின்னிருக்கையைப் படிபோல் உயர்த்தும் எண்ணம் டி2வி-யிலும் பக்கையிலும் முன்னதாகவே வந்துவிட்டது. இறங்கும் புள்ளி சில அடிகள் தவறினாலும் பொறுக்காத கப்பல் தளத்துக்கு அது தேவைப்பட்டது. எம்பி-326-இல் இல்லாத அந்த உயரம், அதிலிருந்து வளர்ந்து 1976-இல் பறந்த எம்பி-339-இல் வந்துவிட்டது. எல்-29-க்கு அடுத்து 1968 நவம்பர் 4 அன்று பறந்த எல்-39-இலும், 1974-இல் வந்த பிரிட்டனின் ஹாக்கிலும் அப்படியே. பிற்கால வடிவங்களில் எந்த மாற்றத்தைக் குறிப்பிடத்தக்கதாக எண்ணுகிறீர்கள் என்று என்னைக் கேட்டால், எஞ்சினைவிட இந்த ஒரு முழ உயரத்தைத்தான் சொல்வேன். பின்னால் உட்கார்ந்தவனின் பாரபட்சம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

தாள்வானூர்தி எழுதியது:

மூவருக்கும் நன்றி. டிவி-2, டி2வி வரிகளைப் பிரித்துவிட்டேன், வாம்பயரையும் திருத்திவிட்டேன். எஸ்.14 என் அட்டவணையிலேயே இல்லை, சேர்த்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று. ஏ-37, ஸ்டிரைக்மாஸ்டர் போன்ற தாக்குதல் விமானங்களை முறையே டி-37-இன் கீழும் ஜெட் ப்ரொவோஸ்டின் கீழும் எழுதலாமா? அவை பயிற்சி விமானத்தின் வடிவங்களா, அல்லது அந்தப் பெயரை மட்டும் சுமந்த வேறு விமானங்களா? எஃப்-94 என்ற போர் விமானத்தையும் சிலர் டி-33-இன் வடிவம் என்று எழுதுகிறார்கள். போர் விமானத்திலிருந்து பயிற்சி விமானம், அதிலிருந்து மறுபடியும் போர் விமானம் என்றால் அட்டவணையில் அம்புக்குறி எந்தப் பக்கம் போடுவது?

வடகாற்று எழுதியது:

எஃப்-94 பற்றிச் சந்தேகமே வேண்டாம்; அம்புக்குறியை இரு முறை திருப்பிப் போடுங்கள். இரவிலும் மோசமான வானிலையிலும் எதிரியைத் தடுக்க ஒரு ரேடார் விமானம் அவசரமாகத் தேவைப்பட்டபோது, பின்னால் ஓர் இருக்கை தயாராக இருந்த டி-33-தான் கையில் கிடைத்தது. மூக்கில் ரேடார், பின்னிருக்கையில் அதை இயக்குபவர், கூடிய எடையைச் சுமக்க ஜே33-க்கு ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து விசை கூட்டும் பகுதி). 1949 ஏப்ரல் 16 அன்று முன்மாதிரி பறந்தது. மி 262-இல் நடந்தது இங்கேயும் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஏ-37-ஐ டி-37-இன் கீழ் எழுதலாம், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. தொடக்கத்தில் அது நேரடியான மாற்றம்தான். இருந்த டி-37பி விமானங்களில் 39-ஐ எடுத்து ஏ-37ஏ ஆக்கினார்கள். ஆனால் அப்போதே மார்போரே வம்சத்து ஜே69 போய் ஜே85 வந்துவிட்டது; அதன்பின் 577 ஏ-37பி விமானங்கள் புதிதாகவே கட்டப்பட்டன. ஒவ்வோர் எஞ்சினின் விசையும் ஏறத்தாழ மும்மடங்கு. உச்ச எடை டி-37-ஐவிட இரு மடங்குக்கும் அதிகம். மூக்கில் 7.62 மில்லிமீட்டர் மினிகன், இறக்கையின் கீழ் எட்டு ஆயுதத் தாங்கிகள், வானிலேயே எரிபொருள் பெறும் குழாய். அதே அருகருகான விமானியறை மட்டும் மாறவில்லை. தெற்கு வியட்நாமிடமிருந்து கைப்பற்றிய ஏ-37 விமானங்களைக் கொண்டே 1975 ஏப்ரல் 28 அன்று வட வியட்நாம் தரப்பு சைகோனில் இருந்த தான் சோன் நுட் விமானத் தளத்தைத் தாக்கியது. மாணவர்கள் நாய்களுக்கான ஊதல் என்று கேலி செய்த அந்தக் கீச்சுக்குரல் விமானத்தின் வழித்தோன்றலுக்கு அப்படியும் ஒரு நாள் வந்தது.

ஸ்டிரைக்மாஸ்டர் இன்னும் நெருங்கிய உறவு. பிஸ்டன் எஞ்சின் ப்ரொவோஸ்டின் இறக்கையையும் வாலையும் வைத்து 1954 ஜூன் 26 அன்று பறந்ததுதான் ஜெட் ப்ரொவோஸ்ட் டி.1, அதன் சக்கரக் கால்கள்கூடப் பழைய விமானத்தைப்போல் நீண்டே இருந்தன. டி.3-இல் வெளியேற்று இருக்கைகள் வந்தன; 1967 பிப்ரவரியில் பறந்த டி.5-இல் காற்றழுத்தம் பேணும் அறை வந்தது. அந்த டி.5-இன் உடலுக்கு வலுவான வைப்பரும் ஆயுதத் தாங்கிகளும் கொடுத்து, அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று பறந்ததுதான் ஸ்டிரைக்மாஸ்டர். டி.5-க்கு அடுத்த வரியில் தயங்காமல் எழுதலாம்.

மஜிஸ்டருக்குத் தனி வடிவம்கூடத் தேவைப்படவில்லை. 1967-ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரேல் தன் பயிற்சி மஜிஸ்டர்களையே ராக்கெட்டுகளோடு தரைத் தாக்குதலுக்கு அனுப்பியது. பின்னர் அவற்றைப் புதுப்பித்து ட்சுகிட் என்று பெயரிட்டு, மீண்டும் பயிற்சிக்கே நெடுநாள் வைத்துக்கொண்டது.

சுழலித்தட்டு எழுதியது:

எஸ்.14 விஷயத்தில் பின்னிருக்கையாளர் ஐயா சொன்னது சரி. கோடு போட்டதுபோல் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தாக்குதல் வடிவங்களைப் பற்றிய இந்தப் பேச்சு என் எஞ்சின் கதைக்கு ஒரு வால் சேர்க்கிறது. பயிற்சி விமானத்தை ஆயுதம் சுமக்கவைக்க முடிவெடுத்தபோது பல முறை முதலில் மாறியது எஞ்சின்தான். ஏ-37-ஐ மேலே பார்த்தோம். கிரண் மார்க் 1-இல் வைப்பர். ஆயுதப் பயிற்சிக்காக 1976-இல் பறந்த மார்க் 2-இல் ஆர்ஃபியஸ் என்ற எஞ்சின்.

எஞ்சினுக்கு அடுத்து மாறியது இருக்கை. எம்பி-326-இன் தாக்குதல் வடிவமான எம்பி-326கே, 1970-இல் ஒற்றை இருக்கையோடு பறந்தது. ஸ்பெயினின் சாயெட்டாவிலிருந்து வந்த ஹெச்ஏ-220-உம் அதே ஆண்டில் அப்படியே. இரண்டிலும் பயிற்றுநர் இருந்த இடத்தில் எரிபொருள் தொட்டி வைத்தார்கள். மி 262-இல் தொட்டியை எடுத்துப் பயிற்றுநரை உட்காரவைத்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தொட்டி தன் இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

தாள்வானூர்தி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டி-33 வரியின் கடைசிக் கட்டத்தில் இறுதி ஆண்டை எழுதும்போது அமெரிக்காவோடு நிறுத்திவிடாதீர்கள். கனடா சில்வர் ஸ்டார் என்ற பெயரில் வைத்திருந்த தன் டி-33 விமானங்களை 2005 வரை பறக்கவிட்டது. பொலிவியா 2017-இல்தான் ஓய்வு கொடுத்தது. இடையில் 1983-இல், டி-33-இன் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, உடலின் இரு பக்கமும் இரண்டு டர்போஃபேன்களை ஒட்டவைத்து ஸ்கைஃபாக்ஸ் என்று ஒன்றைப் பறக்கவிட்டார்கள். வாங்க ஆளில்லாமல் அந்த ஒன்றோடு நின்றுவிட்டது. அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை என்ற கட்டத்தில் 1 என்று போட்டால் போதும்.